சக்கரத்தின்மேல் வீடு, சாலையோரத்தில் பேருந்து



பயணம் என்றால் வீட்டை விட்டுப் புறப்படுவது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். வீட்டையும் உடன் இழுத்துக்கொண்டு புறப்படும் மக்களும் உலகில் உண்டு. கோடைக்காலத்தில் ஆங்கில நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் அவர்களைக் காணலாம். முன்னே ஒரு மோட்டார் கார் செல்லும். அதன் பின்னே கொக்கியில் மாட்டிய வெண்ணிறப் பெட்டியொன்று இரு சக்கரங்களின்மேல் அசைந்தசைந்து வரும். அப்பெட்டிக்குள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளிர்பெட்டி உண்டு; ஒரு மூலையில் ஓர் ஆள் நிற்கும் அளவிற்குக் கழிப்பறையும் உண்டு. கேரவன் என்பது அதன் பெயர். நம் நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியே பலர் நினைவிற்கு வரும். நான் கூறுவது அதுவன்று. பள்ளி ஆசிரியரும், தச்சரும், ஓய்வுபெற்ற அஞ்சல்காரரும் விடுமுறை கழிப்பதற்காக இழுத்துச் செல்லும் எளிய வண்டி வீட்டையே கூறுகிறேன்.

அத்தகைய வீட்டில் பதினாறு நாள் வாழும் வாய்ப்பு ஒரு கோடையில் எனக்குக் கிடைத்தது. என் தங்கை மகன் அந்நாட்டில் பொறியாளனாக இருக்கிறான். “மாமா, ஓட்டலில் தங்கினால் ஓட்டலைத்தான் பார்ப்பீர்கள். எங்களோடு வண்டியில் வாருங்கள், நாட்டைப் பார்க்கலாம்” என்று அழைத்தான். அவன், அவன் மனைவி, பத்து வயது மகள் ஆகிய மூவரோடு நான்காமவனாக ஏறிக்கொண்டேன். நாட்டைப் பார்த்தது உண்மைதான். ஆயினும் வண்டி ஓடியபோது கற்றதைக் காட்டிலும், வண்டி நின்ற பின்னரே நான் மிகுதியாகக் கற்றேன். நின்ற இடத்தில் என்ன இருந்தது, அங்கிருந்து அடுத்த ஊருக்கு எவ்வாறு சென்றோம் என்னும் இரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ஸ்காட்லாந்து நாட்டவரான கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் கப்பற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். சிறுவர்க்கு வீரச்செயற் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். அவர் 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையொன்றில் தமக்கென ஒரு வண்டி வீட்டைச் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’, அஃதாவது ஊர்சுற்றி, என்று பெயரிட்டார். இரண்டு குதிரைகள் பூட்டிய அவ்வண்டியில், இலண்டனுக்கு மேற்கேயுள்ள ட்வைபோர்டு என்னும் ஊரிலிருந்து வட ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகர் வரை 1,000 மைலுக்கு மேல் பயணம் செய்தார். அவருடைய பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று எதிரே வருவோரை எச்சரிப்பது வழக்கமாம். குறுகிய சாலைக்கு அகன்ற வண்டி அன்றே பொருந்தவில்லை என்பது இதனால் விளங்கும்.

பொழுது சாய்ந்ததும் அந்த மருத்துவர்க்கு ஒரு கவலை பிறக்கும். வீடு உடனிருக்கிறது, அதனை நிறுத்துவதற்கு நிலம் வேண்டுமே! குதிரைக்கும் மனிதர்க்கும் நீர் வேண்டுமே! யாரோ ஒருவருடைய புல்வெளியையோ, ஏதோவொரு விடுதியின் முற்றத்தையோ வேண்டிப் பெற்றாக வேண்டும். சக்கரம் பூட்டிய வீடு தன்னந்தனியே வாழ வல்லது என்று தோன்றும். அது வெறுந்தோற்றமே. முகாம் என்னும் ஏற்பாடு பிறந்ததற்கு இந்த மாலை நேரக் கவலையே காரணம் என்று நான் கருதுகிறேன்.

அக்கவலையைப் பலர் கூடித் தீர்த்துக்கொண்டனர். தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்கலைஞர் 1901ஆம் ஆண்டில் மிதிவண்டியில் சென்று கூடாரமடிப்போர்க்கு ஒரு சங்கம் அமைத்தார். 1907ஆம் ஆண்டில் வண்டி வீட்டினர்க்கென்றே ஒரு கழகம் தோன்றியது. ஸ்டேபிள்ஸும் அதன் துணைத்தலைவருள் ஒருவரானார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், பர்மிங்ஹாம் நகரில் எக்கிள்ஸ் என்னும் நிறுவனம் மோட்டார் கார் இழுத்துச் செல்லத்தக்க வண்டி வீடுகளைச் செய்து விற்கத் தொடங்கியது. செல்வரின் குதிரை வண்டி மெல்ல மெல்ல நடுத்தரக் குடும்பத்தின் கார் வண்டி ஆயிற்று. அச்சங்கமும் அக்கழகமும் இன்றும் உள்ளன. நாடெங்கும் முகாம்களை நடத்துகின்றன.

வண்டிகள் பெருகவே சட்டம் வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வண்டி வீடுகள் தங்கும் நிலத்திற்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவை. இதில் சில விலக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று சுவையானது: அரசின் ஏற்புப் பெற்ற கழகம் ஒன்று சான்றளித்தால், தனி உரிமமின்றியே ஓர் உழவர் தம் நிலத்தில் ஐந்து வண்டிகள் வரை தங்க இடமளிக்கலாம். ஐந்துக்கு மேற்படலாகாது. அதனால் கழகங்களின் பெரிய முகாம்களையல்லாமல், பண்ணைத் தோட்டங்களின் மூலையில் ஐந்தே வண்டிகள் நிற்கும் சிறு முகாம்கள் ஆயிரக்கணக்கில் அந்நாட்டில் பரவியிருக்கின்றன. பால் கறக்கும் ஓசை கேட்டுக் கண்விழிக்கலாம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல என் மனம் ஒப்பவில்லை. வண்டி வீட்டில் முன்னரே வாழ்ந்தவர்கள் ஸ்டேபிள்ஸைப் போன்ற இன்பப் பயணிகள் அல்லர். ஜிப்சிகள் எனப்படும் நாடோடி மக்கள். அவர்களுக்கு அது விடுமுறை வீடன்று, ஒரே வீடு. 1960ஆம் ஆண்டுச் சட்டம் விடுமுறைக்காரர்க்கு வழிவிட்டது. அவர்களையோ பல இடங்களிலிருந்து பெயர்த்தெறிந்தது. அவர்கட்கு இடமளிப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்று 1968இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. 1994இல் அக்கடமையும் நீக்கப்பட்டது. ஒரே வகை வண்டி. ஒருவர் வந்தால் வரவேற்பு, மற்றொருவர் வந்தால் விரட்டல். முகாமின் வாயிலில் நின்ற வரவேற்புப் பலகையைக் கண்டபோதெல்லாம் இது என் நினைவிற்கு வந்தது.

இனி முகாமுக்குள் செல்வோம். வாயிலருகே சிறு அலுவலகம். பெரிய முகாம்களில் மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக அங்கேயே தங்கிப் பணி செய்வர். நமக்குரிய இடத்தின் எண்ணைக் கூறி, படம் ஒன்றும் தருவர். சில இடங்கள் புல்தரை. சில இடங்கள் சரளைக்கல் பரப்பியவை. மழை மிகுந்த நாட்டில் சரளைக்கல்லின் அருமை, புல்தரையில் சக்கரம் புதைந்தவர்க்கே தெரியும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அண்டை வீட்டார் பேச்சு காதில் விழாமலிருக்க அது போதாது. ஒரு வண்டியில் தீப்பற்றினால் அடுத்ததற்குத் தாவாமலிருக்க வகுக்கப்பட்டது.

வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, நான்கு மூலைக் கால்களையும் இறக்கியவுடன் வேலை தொடங்குகிறது. நீர் குழாயில் வீட்டுக்கு வந்துவிடாது. உருளை வடிவான பீப்பாய் ஒன்று இருக்கிறது; 40 லிட்டர் கொள்ளும். அதனைத் தரையில் உருட்டிக்கொண்டு பொதுக் குழாய்க்குச் சென்று, நிரப்பி, மீண்டும் உருட்டி வரவேண்டும். 40 லிட்டர் நீர் என்றால் 40 கிலோகிராம் எடை. தூக்குவது அரிது, உருட்டுவது எளிது. பாத்திரம் கழுவிய நீரும் வேறொரு தொட்டியில் சேரும். அதையும் குறித்த வடிகாலில் கொண்டு ஊற்ற வேண்டும். நான்கு பேர் ஒரு நாளில் எத்தனை நீரைச் செலவழிக்கிறோம் என்பதை என் வாழ்நாளில் முதன்முறையாக என் தோள்களால் அறிந்தேன். மூன்றாம் நாளிலேயே சிறுமி பல் துலக்கும்போது குழாயை மூடக் கற்றுக்கொண்டாள், நானுந்தான்.

கழிப்பறையின் செய்தியைக் கூறக் கூசவேண்டியதில்லை. கழிவு முழுதும் ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும் பெட்டியொன்றில் சேர்கிறது. நாற்றத்தைத் தடுக்கவும் கழிவைக் கரைக்கவும் அதில் மருந்து நீர் ஊற்றுவர். இம்முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1924இல் எல்சான் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்த மருந்துக் கழிப்பறை, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களிலும் இடம்பெற்றது. இன்றும் முகாம்களில் கழிவு கொட்டும் இடத்திற்கு ‘எல்சான் இடம்’ என்ற பெயரே வழங்குகிறது. பெட்டியை அங்கே எடுத்துச் செல்லும் பணி ஆண்மக்களுக்கே உரியது என்று எழுதாத சட்டம் ஒன்று இருப்பதுபோலும்! காலை 8 மணிக்கு, அப்பெட்டியைச் சிறு சக்கரங்களில் இழுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தவாறு ஆடவர் செல்லும் ஊர்வலம் காணத்தக்கது.

மருந்திலும் வேற்றுமை உண்டு. பார்மால்டிஹைடு கலந்த மருந்து கிருமிகளை அடியோடு கொல்லும். நகரச் சாக்கடையோடு இணைந்த பெரிய முகாமில் அதனால் பெருந்தீங்கில்லை. பண்ணை முகாமிலோ கழிவு செல்வது நிலத்தடித் தொட்டிக்கு. அங்கே கழிவைச் சிதைத்துத் தூய்மை செய்பவையும் கிருமிகளே. அவற்றைக் கொன்றுவிட்டால் தொட்டி வேலை செய்யாது நின்றுவிடும். ஆகவே அத்தகைய இடங்களில் அம்மருந்து கூடாது என்று பலகை வைத்திருப்பர். வேதியியல் பயிலும் மாணவர்கள் இதனை உற்றுநோக்க வேண்டுகிறேன்.

மின்சாரமும் அவ்வாறே பாடம் புகட்டிற்று. ஒவ்வோர் இடத்தருகிலும் ஒரு கம்பம் உண்டு; அதில் கம்பியை இணைத்தால் வண்டியில் விளக்கெரியும். நாங்கள் தங்கிய பண்ணையில் 10 ஆம்பியர் அளவே கிடைத்தது. அந்நாட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட். எனவே மொத்தம் 2,300 வாட். அவ்வளவுதான். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நீர் கொதிக்கும் கெண்டியோ 3,000 வாட் இழுப்பது. முதல் நாள் மாலை தேநீருக்காக அதன் விசையைத் தட்டியதும் வண்டி முழுதும் இருண்டது. பக்கத்து வண்டியிலிருந்த முதியவர் சிரித்துக்கொண்டே வந்து, கம்பத்தின் விசையை மீண்டும் தூக்கிவிட்டு, தம்முடைய சிறிய கெண்டியை இரவல் கொடுத்தார். அது கொதிக்க இருமடங்கு நேரம் ஆகும். அந்நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் வேலிக்கு உள்ளே உள்ள வசதிகள். முகாம்களைப் பற்றிய விளம்பர ஏடுகள் இவற்றைத்தான் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன: வெந்நீர்க் குளியலறை, துணி வெளுக்கும் பொறி, நீச்சற்குளம், சிறுவர் விளையாட்டிடம். உரிம நிபந்தனைகளும் இடைவெளி, தீ, நீர், கழிவு என வேலியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் விடுமுறைக்கு வந்தவர் நாள் முழுதும் முகாமிலா அமர்ந்திருப்பார்? காலையுணவு முடிந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “இங்கிருந்து எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?”

கார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தக் காரைப் பற்றித்தான் இனிச் சொல்லவேண்டும்.

முதல் நான்கு நாள் இலண்டன் மாநகரின் தென்கிழக்கில், அபி உட் என்னும் பகுதியிலுள்ள முகாமில் தங்கினோம். உயர்ந்த மரங்களிடையே அமைந்த இடம். மாநகரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அங்கிருந்து நடக்கும் தொலைவில் இரயில் நிலையம். 2022ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட எலிசபெத் தடம் அந்த நிலையத்திலிருந்தே தொடங்குகிறது. அரை மணிக்குள் நகரின் நடுவே இறங்கிவிடலாம். நகரின் உள்வட்டத்திற்குக் காரைக் கொண்டுசெல்வோர் 2003ஆம் ஆண்டிலிருந்து நெரிசல் வரி செலுத்தவேண்டும் என்பதும் அங்குள்ள ஏற்பாடு. நான்கு நாளும் கார் மரத்தடியில் உறங்கிற்று. யாருக்கும் அதன் நினைவு எழவில்லை.

ஐந்தாம் நாள் வண்டியை மாட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டோம். வண்டி இழுக்கும் கார் அகன்ற நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலுக்கு மேலும், இருவழிச் சாலையில் 50 மைலுக்கு மேலும் செல்லக்கூடாது. மூன்று தடங்கள் உள்ள இடத்தில் வலக்கோடித் தடத்தில் ஏறவும் கூடாது. ஆகவே பயணம் நீண்டது. நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் சென்றடைந்தபோது மாலையாகிவிட்டது. அங்கே பெருஞ்சாலை முடிந்து, இருபுறமும் ஆளுயர வேலிப்புதர்கள் நெருக்கும் ஒற்றைத்தடச் சாலை தொடங்குகிறது. எதிரே ஒரு டிராக்டர் வந்தால், இருவரில் ஒருவர் பின்னோக்கிச் செல்லவேண்டும். வண்டி வீட்டோடு பின்னோக்கிச் செல்வது எளிதன்று; வலப்புறம் திருப்பினால் அது இடப்புறம் செல்லும். டிராக்டர்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே நிலைமையை உணர்ந்து, தாமே பின்வாங்கினார்.

நாங்கள் தங்கிய ஐந்து வண்டிப் பண்ணையின் பெயரையோ ஊரின் பெயரையோ கூறவில்லை; அது சின்னஞ்சிறு ஊர். அங்கிருந்து செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் காண விரும்பினோம். மீன்பிடி துறைமுகமாக இருந்து, ஓவியர்கள் வந்து குடியேறியதால் பெயர் பெற்ற ஊர் அது. காரிலேயே போனோம். அங்குள்ள தெருக்கள் கழுதைகளுக்காகவும் மீன் கூடைகளுக்காகவும் அமைந்தவைபோலும்! கார் நிறுத்தும் இடங்கள் அனைத்திலும் ‘நிறைந்துவிட்டது’ என்ற பலகை. ஒன்றரை மணி நேரம் ஊரைச் சுற்றினோம். கடலை மும்முறை கண்டோம், ஒருமுறையும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு சந்தில் புகுந்து, முன்னேயும் செல்ல முடியாமல், பின்னே வந்த கார்கள் விலகவும் முடியாமல் சிக்கிக்கொண்டோம். ஒரு மீன்காரர் வந்து கைகாட்டி எங்களை வெளியே எடுத்தார். பசியோடும் அழுத சிறுமியோடும் பண்ணைக்குத் திரும்பினோம்.

மறுநாள் பண்ணைக்காரரின் மனைவி வழி கூறினார். காரைச் செயின்ட் எர்த் நிலையத்தில் விட்டுவிட்டு இரயிலில் செல்லுங்கள் என்றார். நான்கு மைலுக்குச் சற்றே மிகுந்த கிளைத் தடம் அது. இரயில் கழிமுகத்தின் ஓரமாக, நாரைகள் நிற்கும் சேற்றுநிலத்தை ஒட்டிச் சென்று, பின்னர் மணல்மேடுகளைக் கடந்து, பாறைச் சரிவில் கடலுக்கு மேலே தொங்குவதுபோல ஊர்ந்து, பட்டினத்துக் கடற்கரையின் தலைமாட்டிலே நிற்கிறது. முந்தின நாள் ஒன்றரை மணியில் எய்தாத கடலைக் கால் மணியில் எய்தினோம். சிறுமி இரயிலிலிருந்து இறங்கியதும் மணலில் ஓடினாள்.

இந்தத் தடம் 1877ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் அதன் உயிர் ஊசலாடியது. அவ்வாண்டு இரயில்வேயின் தலைவராயிருந்த பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். இழப்பில் ஓடும் தடங்களை மூடவேண்டும் என்றும், 2,363 நிலையங்களை மூடலாம் என்றும் அது கூறிற்று. செயின்ட் ஐவ்ஸ் தடமும் அப்பட்டியலில் இருந்தது. பின்னர்ப் போக்குவரத்து அமைச்சராக வந்த பார்பரா காசில் அம்மையார் அதனை மூடாமல் காத்தார். 1978இல் தடத்தின் நடுவே, காரை விட்டுவிட்டு இரயிலேறுவோர்க்கென்றே ஒரு நிலையம் அமைத்தனர். 2019இல் அவ்வசதி பெரிதாக்கப்பட்டுச் செயின்ட் எர்த்துக்கு மாற்றப்பட்டது. மூடத்தக்கது என்று கணக்கெழுதப்பட்ட தடத்தில், நாங்கள் சென்ற நாளில் நிற்கவும் இடமில்லை.

எல்லாத் தடங்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. வேறொரு நாள் வடக்கே சென்று பாட்ஸ்டோ என்னும் மற்றொரு மீன்பிடி பட்டினத்தைக் கண்டோம். அங்கே சென்ற இரயில் 1967ஆம் ஆண்டு சனவரியோடு நின்றுபோயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பாதை இன்று நடப்பவர்க்கும் மிதிவண்டிக்காரர்க்கும் உரியது. வேட்பிரிட்ஜ் என்னும் ஊரில் மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்து, ஆற்றின் கரையோரமாக, பழைய இரும்புப் பாலத்தின் மேலாகப் பாட்ஸ்டோ வரை சென்றோம். மிக இனிய பாதை. என்னை முந்திச் சென்ற சிறுமி திரும்பிப் பார்த்து, “தாத்தா, இரயில் இல்லாததே நல்லதாயிற்று!” என்றாள். அவளுக்கு அது நல்லதே. மழை நாளில் மருத்துவரைப் பார்க்கச் செல்லும் மூதாட்டிக்கு எவ்வாறிருக்கும் என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன். அந்த மூதாட்டியை மறுநாளே சந்திப்பேன் என்று அப்போது அறியேன்.

பண்ணை வாயிலிலிருந்து அரை மைல் நடந்தால் பேருந்து நிற்கும் இடம். நடைபாதை கிடையாது, வேலிப்புதரை ஒட்டிக்கொண்டு நடக்கவேண்டும். பொழுது சாய்ந்தால் கையில் விளக்கு இன்றியமையாதது. முகாமுக்கு நூறு வசதி செய்வோர் இந்த அரை மைலுக்கு ஒரு நடைபாதை செய்திருக்கலாகாதா என்று நான் பலமுறை முணுமுணுத்தேன். நிறுத்தத்தில் ஒரு கம்பம், ஒரு கால அட்டவணை. கோடையில் நாளொன்றுக்கு எட்டு முறை பேருந்து வரும். செப்டம்பர் இறுதிக்குப் பின் மூன்றே முறை.

அங்கேதான் அவ்வம்மையாரைக் கண்டோம். எண்பதை நெருங்கிய அகவை. கண் மருத்துவத்திற்காகப் பட்டினத்திற்குச் செல்பவர். அவரோடு பதினேழு வயது இளைஞன் ஒருவன். சமையற்கலை பயிலும் மாணவன். வெள்ளை மேலாடையை மடித்துப் பையில் வைத்திருந்தான். இருவரும் உறவினரல்லர்; ஒரே பேருந்துக்குக் காத்திருந்து காத்திருந்து உறவாகிவிட்டவர்கள்.

இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து முதியோர் காலை 9.30 மணிக்குப் பின்னர் எந்த ஊர்ப் பேருந்திலும் கட்டணமின்றிச் செல்லலாம். மற்றவர்க்கும் ஒரு தனிப் பயணத்தின் கட்டணம் 2023 சனவரியில் 2 பவுன் என்றும், 2025 சனவரியிலிருந்து 3 பவுன் என்றும் உச்சவரம்பு வகுக்கப்பட்டது. “அட்டை என்னிடம் இருக்கிறது, பேருந்துதான் வேண்டும்” என்று அம்மையார் சிரித்தார். இளைஞன் சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் அவனுடைய மாலை வகுப்பு முடிவதற்கு முன்பே கடைசிப் பேருந்து புறப்பட்டுவிடுமாம். சென்ற ஆண்டு பாதி வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்ததாகவும், இவ்வாண்டு பட்டினத்தில் அறையெடுத்துத் தங்கப் பணம் சேர்ப்பதாகவும் கூறினான். “நீங்கள் எல்லாரும் போன பிறகு எங்கள் பேருந்தும் போய்விடுகிறது” என்றான். அவன் குறை கூறவில்லை, நிலைமையைத்தான் கூறினான்.

இதற்குக் காரணம் 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம். அதன்படி, 1986 அக்டோபரிலிருந்து, இலண்டனுக்கு வெளியே பேருந்து நிறுவனங்கள் தமக்கு ஊதியமளிக்கும் தடங்களைத் தாமே தேர்ந்து ஓட்டலாம். ஊதியமளிக்காத தடம் தேவையென்று கருதினால், உள்ளாட்சி மன்றம் பணம் கொடுத்து ஓட்டச் செய்யவேண்டும். மன்றத்தின் பணமோ அளவுள்ளது. எந்தத் தடத்தைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்று முடிவு செய்ய அவர்கள் முதலில் பார்ப்பது ஏறுவோரின் தொகையை. அந்த ஊரில் நிலையாக வாழ்வோர் சில நூறு பேர். அவர்களை மட்டும் நம்பினால் பேருந்து ஓடாது. கோடையில் வருவோர் ஏறினால் ஓடும். நாங்களோ முதல் ஐந்து நாளும் அப்பேருந்தைக் காரின் கண்ணாடி வழியே பார்த்து, வழியை மறிக்கிறதே என்று சலித்துக்கொண்டவர்கள்.

அன்று முதல் கார் பண்ணையில் நின்றது. சந்தைக்கும் கடற்கரைக்கும் இரயிலடிக்கும் பேருந்திலேயே சென்றோம். இன்னல் இல்லாமலில்லை. ஒருநாள் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, நான்கு மைல் நடந்து, இரவு 10 மணிக்குப் பண்ணை சேர்ந்தோம். என் மருமகன் அன்று காரைப் பற்றிச் சில நல்ல வார்த்தைகள் பேசினான். மாடியுள்ள பேருந்தின் மேல்தட்டில் அமர்ந்தால் வேலிப்புதர்களுக்கு மேலாகக் கடலும், வயல்களும், கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கங்களின் புகைபோக்கிகளும் தெரியும். காரில் சென்ற நாட்களில் நாங்கள் கண்டது வேலிப்புதர் மட்டுமே.

புறப்படும் நாளுக்கு முந்தின நாள் மீண்டும் அவ்வம்மையாரோடு பயணம் செய்தோம். அவர் தம் கைப்பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்தார். அதில் கோடுகள் கிழித்து, தேதி, நேரம், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினர் என்று எழுதியிருந்தார். தாம் பயணம் செய்யும் நாட்களில் தாமும், மற்ற நாட்களில் அந்த மாணவனும் எழுதுவதாகவும், ஆண்டு முடிவில் அதனை உள்ளாட்சி மன்றத்திற்கு அனுப்புவதாகவும் கூறினார். பார்வை மங்கியமையால் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன.

“நீங்கள் நால்வரும் எங்கே ஏறினீர்கள்?” என்று கேட்டார்.

“பண்ணை முகாமின் நிறுத்தத்தில்” என்றேன்.

கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குறிப்பேட்டை முழங்காலின்மேல் வைத்து, எங்கள் நிறுத்தத்திற்கு நேராக 4 என்று எழுதினார். பின்னர், இவ்வாரத்தில் வேறு எந்தெந்த நாள் வந்தீர்கள் என்று கேட்டார். சிறுமி விரல்விட்டு எண்ணி ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்; அம்மையார் எழுதிக்கொண்டே வந்தார்.